மன்னாரிலிருந்து வந்த விருந்தாளி

வேலியோடு போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, "குத்துகிறதே, குடைகிறதே" என்று கூவினானாம் ஒருவன். வேண்டாத வம்பை விலை கொடுத்து வாங்குவோரைப் பார்த்து நம் முதியோர் சொல்லும் பழமொழி இது. குத்தலும் குடைச்சலும் மனிதன் பட்ட பாடு. அந்த மடிக்குள் அகப்பட்ட ஓணான் என்ன பாடுபட்டது என்று நம்முள் எவரும் கேட்டதில்லை. சென்ற மாதம் எனக்கு வந்த ஒரு கடிதம் அந்தக் கேள்விக்கு விடை கூறுவதாக இருந்தது.

கடிதத்தை எழுதியவர் இறக்குவானை மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த மாணவர். எட்டாந் தரத்திற் பயில்கிறார். அவர் எழுதியிருந்ததன் சுருக்கம் வருமாறு:

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, மன்னாரில் கட்டட வேலைக்குப் போயிருந்த என் மாமா, விடுமுறைக்கு வந்தபொழுது ஒரு பச்சோந்தியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ராஜா என்று பெயர் வைத்தேன். ஆறு கிழமை ஆகிறது. முதல் இரண்டு கிழமையும் நன்றாக வெட்டுக்கிளி தின்றது. இப்பொழுது ஒன்றும் தின்பதில்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. பச்சை நிறம் போய்க் கறுத்துவிட்டது. கிளையைப் பிடித்தால் கால் நடுங்குகிறது. வயிறு மட்டும் பெரிதாக இருக்கிறது. இரண்டு நாளாகக் கீழே இறங்கிக் காம்பராவின் சீமெந்துத் தரையைக் கீறிக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் காய்ச்சல் குளிசையில் கால் பங்கைக் கரைத்து வாயில் ஊற்றினோம், குணமில்லை. அதைக் கொண்டுபோய் விட்டுவிடும்படி அப்பாயி தினமும் சண்டை பிடிக்கிறார். 'அது மண்ணைத் தேடுகிறது' என்கிறார். விட்டால் செத்துவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?"

கடிதத்தின் அடியில் தந்தையாரின் தொலைபேசி இலக்கமும் இருந்தது. அது நல்லதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விடை வரும்வரை காத்திருக்கக்கூடிய நோயாளி அன்று அது. அன்றிரவே அவர்களோடு பேசினேன். நான் கூறியது யாது, அதன் பின் நிகழ்ந்தது யாது என்பதைச் சொல்லுமுன், அந்தப் பிராணி எத்தகையது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம். நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மலையகத்திலிருந்து "பச்சோந்தி" என்று எழுதி வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை உண்மையில் ஓணானைப் பற்றியவையே. தேயிலைச் செடியின் மீதும் கொய்யாக் கிளையிலும் நாம் காணும் பச்சை ஓணான், மெலிந்த நீண்ட விரல்களும் சாட்டை போன்ற வாலும் உடையது. ஆளைக் கண்டால் ஓட்டமெடுக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை செக்கச் சிவந்துவிடும். இந்த நிறமாற்றத்தைக் கண்டே பலர் அதனைப் பச்சோந்தி என மயங்குகின்றனர். மெய்யான பச்சோந்தியோ முற்றும் வேறானது. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, குறடு போலக் கிளையைக் கவ்வும். வால் சுருண்டு பிடிமானமாகும். கூம்பிய இமைக்குள் அமைந்த இரு கண்களும் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தனித்தனியே சுழலும். நடையும் காற்றில் ஆடும் இலையைப் போலத் தயங்கித் தயங்கியே இருக்கும். மாணவர் கடிதத்தோடு வைத்திருந்த படத்தில் இவ்வடையாளங்கள் அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன.

இலங்கையில் வாழும் மெய்ப் பச்சோந்தி ஓரினமே. 1768ஆம் ஆண்டு லோரென்ரி என்னும் இயற்கை நூலறிஞர் அதற்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயரிலேயே நம் நாட்டின் பெயர் கலந்திருக்கிறது: கமீலியோ சைலானிக்கஸ். இந்தியாவிலும் அது உண்டு. இங்கே அதன் இல்லம் மன்னார், புத்தளம், வில்பத்து முதலான வறண்ட வலயமாகும். பழந்தமிழர் பாலை நிலத்தைப் பாடுகையில் ஓந்தி, ஓதி என்ற பெயர்களால் ஓணான் இனத்தைக் குறிப்பர். அரம் போன்ற முதுகுடைய முதிய ஓதியிடம் வழிச்செல்வோர் நிமித்தம் பார்த்ததைக் குறுந்தொகை கூறும். வெயிலும் வறட்சியும் இப்பிராணிகளுக்குப் பகையல்ல. உயிர்நிலை என்பதை நம் முன்னோர் அன்றே கண்டிருந்தனர்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். மன்னாரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். இரத்தினபுரியிலோ 3,000 மில்லிமீற்றருக்கு மேல். ஆண்டின் பெரும்பகுதி பளீரென்ற வெயில் காயும் புதர்க்காட்டில் வாழ்ந்த உயிரை, மூடுபனி இறங்கும் மலைச்சாரலில், பகலிலும் விளக்கேற்ற வேண்டிய லயக் காம்பராவுக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று. நம் பாட்டன் பூட்டனார் மன்னார்க் கரையில் இறங்கி, கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு ஏறிய காலத்தில், பழகாத மழையும் குளிரும் காய்ச்சலும் எத்தனை பேரை வழியிலும் லயத்திலும் வாரிக்கொண்டன என்பதை மலையகக் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. போர்த்திக்கொள்ளக் கம்பளியும் குளிர்காய நெருப்பும் இருந்த மனிதருக்கே அந்தக் கதி. தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ள இயலாத ஒரு சிற்றுயிர் என்ன செய்யும்?

இனி நோய்க்குறிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். பச்சோந்தியை வளர்க்கும் வழக்கம் மேல்நாடுகளிற் பரவியதனால், கூட்டில் அதற்கு நேரும் பிணிகளைக் குறித்துக் கால்நடை வைத்தியர்கள் நிறையக் கண்டறிந்துள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை கிருமியால் தொடங்குபவை அல்ல; கூட்டினால் தொடங்குபவை.

முதலாவது, தாகம். பச்சோந்தி கிண்ணத்து நீரைக் குடிக்க அறியாது. தேங்கி நிற்கும் நீர் அதன் கண்ணுக்கு நீராகவே தோன்றுவதில்லை போலும். இலை நுனியில் திரண்டு மின்னும் துளியை நக்கியே அது தாகம் தீர்க்கும். கிண்ணம் நிறைய நீரிருக்க, அதன் பக்கத்திலேயே தாகத்தால் மடிந்த பச்சோந்திகள் பல. கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, எச்சத்தில் வெண்மையாக இருக்கவேண்டிய பகுதி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அறியலாம். இலைகளின் மேல் நாளுக்கு இருமுறை மூன்றுமுறை பன்னீர் தெளிப்பது போல் நீர் தெளிக்க வேண்டும். அல்லது அடியில் ஊசித்துளையிட்ட ஒரு தகரப்பேணியை இலைகளுக்கு மேலே தொங்கவிட்டுச் சொட்டச் செய்யவேண்டும். வாயைப் பிளந்து ஊற்றுதல் கூடவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால், ஊற்றிய நீர் நேரே நுரையீரலுட் புகுந்துவிடும்.

இரண்டாவது, வெயிற் பஞ்சம். சூரிய ஒளியிலுள்ள ஊதா கடந்த கதிர்கள் தோலிற் படும்பொழுது உடம்பில் உயிர்ச்சத்து டி உண்டாகிறது. அந்தச் சத்து இல்லையேல், உணவிலுள்ள கல்சியம் எலும்பிற் சேராது. வெயில் காணாத குழந்தைக்குக் கால் எலும்பு வளைவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பச்சோந்திக்கும் அதுவே நேர்கிறது. தாடை றப்பரைப் போலக் குழைகிறது. கால்கள் வளைகின்றன, நடுங்குகின்றன. உடலினும் நீண்ட நாவை அம்பு போல் எய்து இரையைப் பிடிக்கும் ஆற்றல் குன்றுகிறது. "ஒன்றும் தின்பதில்லை" என்று வளர்ப்பவர் எண்ணுகிறார். தின்ன அதனால் முடியவில்லை என்பதே உண்மை. யன்னற் கண்ணாடியின் ஊடாக வரும் வெயில் இதற்கு உதவாது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சூட்டை மட்டும் உள்ளே விடும்.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் நான் ஒளிக்கலாகாது. பத்து வயதில், பச்சை ஓணான் ஒன்றைப் பிடித்து அகன்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடியிலே துளையிட்டு, "குளிருமே" என்ற பரிவினால் முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன். மாலையில் வந்து பார்த்தபோது அது அசையவில்லை. உறங்குகிறது என்றே எண்ணி, அந்தியாகும் வரை பக்கத்திற் காத்திருந்தேன். அன்பு இருந்தது; அறிவு இல்லை. அறிவில்லாத அன்பு ஒரு மணி நேரத்தில் என்ன செய்யும் என்பதை அன்று கற்றேன்.

மூன்றாவது, ஈரமும் குளிரும். ஊர்வன வெளியிலுள்ள சூட்டைக் கொண்டே உணவைச் செரிக்கின்றன. நோயை எதிர்க்கும் வலிமையும் அச்சூட்டினாலேயே அவற்றுக்கு வருகிறது. காலையில் வெயில் காய்ந்து உடல் சூடேறாவிடின், உண்டது வயிற்றிலேயே கெடும். சுவாசப் பையிற் சளி கட்டும். தலையை மேலே உயர்த்தி, வாயைத் திறந்து மூச்சு விடுதலும், வாயோரத்தில் நுரையோ கோழையோ காணப்படுதலும் இதன் அறிகுறிகள். இதற்கு மருந்து உண்டு. ஆனால் அது வைத்தியர் நிறுத்துக் கொடுக்கவேண்டிய மருந்து. ஒரு மனிதனுக்கு அளவாகச் செய்த குளிசையில் கால் பங்கு என்பது, உள்ளங்கையில் அடங்கும் ஓருடலுக்கு எத்தனை மடங்கு மிகை என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டு மருந்துப் பெட்டியைப் பிராணிகளுக்காகத் திறக்கவே வேண்டாம்.

நான்காவது, உணவு. சோறும் பாலும் பச்சோந்திக்கு ஆகா. வெட்டுக்கிளி, சில்வண்டு, வண்ணத்துப்பூச்சி முதலியனவே அதன் இரை. பல வகையும் மாறி மாறி வேண்டும். அந்தப் பூச்சிகளுக்கும் இரண்டொரு நாள் கீரையும் காயும் கொடுத்து வளர்த்த பின் இரையாக இடுவது நலம். பூச்சி தின்றதே பச்சோந்திக்குப் போய்ச் சேரும். தோட்டத்துப் பிள்ளைகள் இன்னொன்றையும் கருத்தில் வைக்கவேண்டும். மருந்தடித்த மலையிற் பிடித்த வெட்டுக்கிளி, தன் உடம்பிலும் அந்த மருந்தைச் சுமந்து வரும். மின்மினியையும் இடுதல் ஆகாது. அதன் உடலிலுள்ள நஞ்சு பல்லியினத்தைக் கொல்லவல்லது என்பது மேல்நாட்டில் வளர்ப்புப் பிராணிகள் இறந்த பின்னரே தெரியவந்தது.

ஐந்தாவது, நிறம். சூழலின் நிறத்தை அப்படியே வாங்கிக் காட்டுவதற்காகவே பச்சோந்தி நிறம் மாறுகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. அரசியல் மேடைகளில் அதன் பெயர் அடிபடுவதும் இதனாலேயே. விஞ்ஞானிகள் கூறுவது வேறு. அது நிறம் மாறுவதற்குப் பெருங் காரணங்கள் சினம், அச்சம், காதல், உடற்சூடு என்பனவாம். 2015ஆம் ஆண்டு ஜெனீவாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மடகஸ்காரைச் சேர்ந்த ஒரு பச்சோந்தியினத்தை ஆராய்ந்து, அதன் தோலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத நுண்பளிங்குகள் அடுக்கப்பட்டிருப்பதையும், அவற்றின் இடைவெளி கூடிக் குறைவதால் ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புவதையும் வெளியிட்டனர். குளிரும்பொழுது வெயிலை நிறைய உறிஞ்சிக்கொள்வதற்காக உடல் கறுப்பதும் உண்டு. காலையிற் கறுத்து, வெயிலேறியதும் வெளுத்தால் அச்சமில்லை. நாள் முழுவதும் கறுத்தே கிடந்தால், அது குளிரால் நடுங்குகிறது, அல்லது அஞ்சுகிறது, அல்லது நோயுற்றிருக்கிறது. பகலில் கண் மூடிக் கிடக்கும் பச்சோந்தியை உறங்குவதாக எண்ணி விடுதல் பெரும்பிழை. நலமுள்ள பச்சோந்தி பகலில் உறங்குவதில்லை.

இவ்வைந்தும் மாணவரின் கடிதத்தில் ஏறக்குறைய இருந்தன. ஆயினும் அன்றிரவு என்னைத் தொலைபேசியை நாடச் செய்தது ஆறாவது குறியே. வயிறு பருத்திருக்கிறது, உணவைத் தொடவில்லை, மரத்தை விட்டு இறங்காத பிராணி இறங்கி வந்து தரையைக் கீறுகிறது. நேயர்களே, அது ராஜா அன்று, ராணி. முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது.

பச்சோந்தி மரத்தில் வாழ்ந்தாலும் முட்டையிடுவது மண்ணிலேயே. தாய் தரைக்கு இறங்கி, ஈரமான மண்ணிற் குழி தோண்டி, இருபது முப்பது முட்டைகள்கூட இட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். தகுந்த மண் கிடைக்காவிடின் அது முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும். அடக்கிய முட்டைகள் வயிற்றினுள் சிக்கி, சில நாளிலேயே தாயின் உயிரை வாங்கிவிடும். பிடிபடுவதற்கு முன் காட்டில் அது ஆணோடு கூடியிருக்கலாம். அன்றியும் சில பச்சோந்தியினங்களில், தனியே வளர்க்கப்படும் பெண்களும் கருவற்ற முட்டைகளைச் சுமப்பது உண்டு. அக்காம்பராவின் தரையோ சீமெந்து. இரண்டு நாளாக நகத்தால் அச்சீமெந்தைக் கீறிய அந்தத் தாயின் தவிப்பை, எழுத்து மணம் அறியாத அப்பாயி ஒருவரே சரியாக வாசித்திருந்தார். "அது மண்ணைத் தேடுகிறது" என்று அவர் நாள்தோறும் சண்டை பிடித்ததைப் பேரன் கடிதத்தில் எழுதினாரேயன்றி, அதன் பொருளை உணரவில்லை.

தொலைபேசியில் நான் கூறியது சிறிதே. ஒரு பெரிய வாளியில், மணலும் மருந்துபடாத தோட்டமண்ணும் கலந்து, ஓரடி ஆழத்துக்கு இடுக. கையாற் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் போதும்; சேறாகக் கூடாது. அதனுள் ஒரு கிளையைச் சாய்த்து நடுக. பச்சோந்தியை அதில் விட்டு, சுற்றிலும் துணி கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைக்கவும். எட்டிப் பார்க்கவே வேண்டாம். பார்க்கப்படுவதை உணர்ந்தால் அது தோண்டுவதை நிறுத்திவிடும். இலையில் நீர் தெளித்துவிடுக. முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் விடிந்ததும் அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் அறிவிக்க. இவ்வளவே.

இரண்டு கிழமை கழித்து மாணவரின் இரண்டாம் கடிதம் வந்தது. அன்றிரவே தகப்பனார் விளக்கைப் பிடிக்க, மகன் மண் அள்ளி வந்து வாளியை நிரப்பினாராம். மறுநாட் காலையில் தாய் குழிக்குள் தலை புதைத்து மண்ணைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்ததைத் துணியின் ஓரத்தால் ஒரு கணம் பார்த்தாராம். அப்பாயி அவர் காதைத் திருகி அப்பால் அனுப்பிவிட்டு, தாமே இஸ்தோப்பில் காவலிருந்தாராம். பிற்பகலில் குழி மூடப்பட்டிருந்தது. வயிறு ஒட்டிப்போன தாய் கிளையின் மேல் ஏறியிருந்தது. எத்தனை முட்டை என்று எண்ணிப் பார்க்க அவருக்குப் பேராவல். "பிள்ளை பெற்றவள் தொட்டிலைக் கிளறுகிறாயா?" என்று அப்பாயி தடுத்துவிட்டார். அதுவும் நன்றே. ஊர்வனவற்றின் முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு சிதைவதுண்டு.

கால்நடை வைத்தியர் அது வரையில் மாடும் ஆடும் நாயுமே கண்டவர். ஆயினும் முகஞ்சுளிக்காமல், பேராதனையிலுள்ள கால்நடை வைத்திய பீடத்துத் தோழர் ஒருவரோடு பேசி விவரம் அறிந்துகொண்டு, தாடை குழைந்திருப்பதைக் கண்டு கல்சியம் ஏற்றினார். வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அவரே அறிவித்தார். அலுவலர் இருவர் வந்து, தாயை ஒரு கூடையிலும் மண் வாளியைக் கலையாமல் மடிமீதும் வைத்துக்கொண்டு சென்றனர். "அவர்கள் ஏசவில்லை. ஆனால் இனி இப்படிக் கொண்டுவரக் கூடாதென்று மாமாவிடம் கடுமையாகச் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அவ்வலுவலர் கடுமையாகச் சொன்னதிற் குறை கூற இடமில்லை. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, நம் நாட்டு ஊர்வனவற்றுள் மிகப் பலவற்றைப் பாதுகாக்கிறது. அனுமதியின்றி அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும்; பச்சோந்தியும் அப்பாதுகாப்புக்கு உட்பட்டதே. சப்பிரகமுவைப் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான்கள் சில உங்கள் மலைகளிலேயே வாழ்கின்றன. மூக்கின் மேல் உருண்டையான புடைப்புடன் மெல்ல நகரும் பொம்மை போன்ற ஓணானைச் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் காணலாம். இறக்குவானை மலைக்காட்டில் வாழும் கொம்பு மூக்கு ஓணான் வகைகள் இரண்டு 1998ஆம் ஆண்டிலேதான் தனியினங்களென இனங்காணப்பட்டன. இவற்றைக் களவாகக் கடத்தி மேல்நாட்டிலே பெரும் விலைக்கு விற்போர் உளர். அதனைத் தடுக்கவே 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக நாடுகளின் வனவுயிர் வர்த்தக மகாநாட்டில், இலங்கையின் வேண்டுகோளின்படி, இவை கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. கொழும்பிலே கூடவிருந்த அம்மகாநாடு, அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் காரணமாக இடம் மாறியது பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே குடும்பத்தினர் அனைவருக்கும் நான் கூற விரும்புவது சில வரிகளே. காயமுற்ற ஓணானையோ பச்சோந்தியையோ பிள்ளை எடுத்துவந்தால், அவனை ஏசாதீர்கள். இரக்கம் ஏசத்தக்க குணமன்று. காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இலைக்கிளையோடு வைத்து, பூனையும் நாயும் அணுகாமல் அமைதியான இடத்தில் இருத்துங்கள். இலையில் நீர் தெளியுங்கள். கையில் எடுத்து விளையாட வேண்டாம். நமக்குக் கொஞ்சல், அதற்கு மரணபயம். அது நஞ்சுடையது என்று அஞ்சவும் வேண்டாம். அதற்கு நஞ்சு இல்லை. ஆனால் ஊர்வனவற்றின் உடலில் வயிற்றுக் கடுப்பை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். காயம் சிறிதாயின், எடுத்த இடத்திலேயே, எடுத்த மரத்திலேயே விட்டுவிடுங்கள். பெரிதாயின் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்னும் இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வேற்றூரிலிருந்து வந்த பிராணியாயின், கண்ட இடத்தில் விடுவதும் கொல்வதற்குச் சமம். மன்னார்ப் பச்சோந்தியை இறக்குவானை மழையில் விடுவது விடுதலை ஆகாது.

மாணவர் தமது இரண்டாம் கடிதத்தை ஒரு கேள்வியோடு முடித்திருந்தார். "ராணி பிழைத்ததா? குஞ்சுகள் பொரித்து மன்னாருக்குப் போகுமா? நான் செய்தது பாவமா?"

முதலிரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. தாடை எலும்பு குழைந்த பின் தேறுவது எளிதன்று, தேறியவையும் உண்டு. பச்சோந்தி முட்டை பொரிக்கப் பல மாதங்கள் வேண்டும். அதிற் கரு இருந்ததோ, இல்லையோ. நல்ல செய்தி வந்தால் இப்பகுதியில் எழுதுவேன். வராவிட்டால் அதையும் எழுதுவேன்.

மூன்றாவதற்கு விடை கூறுவேன். தம்பி, அறியாமற் செய்ததைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அறிந்தபின் ஒரே இரவில் மண் சுமந்து வந்து வாளியை நிரப்பினாயே, அதுவும் உன் கணக்கிற் சேரும். இனி ஒன்று செய். உன் இஸ்தோப்புக்கு எதிரேயுள்ள கொய்யா மரத்துக்குப் பச்சை ஓணான் வரும். அதனைப் பிடிக்காதே, பார். எந்நேரம் வெயில் காய்கிறது, எந்த இலையில் நீர் நக்குகிறது, எங்கே மண்ணைத் தோண்டுகிறது என்று ஒரு கொப்பியிற் குறித்து வை. மாதமொருமுறை அதனை எனக்கு அனுப்பு. ஐயம் வந்தால் முதலில் அப்பாயியைக் கேள். அதன் பின் எனக்கு எழுது.